ஐ.சி.யா, என்.சி.யா? நேபாள யாத்திரை போகும் சகோதரிகளுக்கு



காசி, கயா போகிற நம்ம ஊர்ப் பெண்கள் இப்போது அப்படியே நேபாளத்துக்கும் போய், காத்மாண்டு பசுபதிநாதரையும் முக்திநாத்தையும் தரிசித்து வருகிறார்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்று முக்திநாத்தைச் சொல்வதால், வயதான அம்மாக்களுக்கு அது வாழ்நாள் ஆசை. சிறுகச் சிறுகச் சேர்த்தும், குழுவில் உள்கடன் வாங்கியும் போகிறார்கள். அப்படிச் சேர்த்த பணத்தை வெளிநாட்டில் எப்படிக் கையாள்வது என்று இந்த இதழில் பார்ப்போம்.

நம்ம உறுப்பினர் ஒருவர் காத்மாண்டுவில் மகளுக்கு ஒரு கம்பளிச் சால்வை எடுத்தார். சீட்டில் 800 என்று போட்டிருந்தது. எட்டு நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இரவு தங்கிய இடத்தில் குழுக் கணக்கு எழுதும் சகோதரி கணக்குப் போட்டுப் பார்த்து, "அக்கா, அது நேபாள ரூபாய். நம்ம பணத்தில் 500-தான்" என்றார். போனது 300 ரூபாய். வாரம் 50 ரூபாய் சந்தா கட்டுகிறவருக்கு அது ஆறு வாரச் சேமிப்பு. அன்று இரவு அவர் தூங்கவில்லை. வீட்டிலும் இன்றுவரை சொல்லவில்லை. "என் பேரைப் போடாம எழுதுங்க மேடம், மத்தவங்களாவது சுதாரிச்சுக்கட்டும்" என்று அவர் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் இந்தக் குழப்பம்?

இரண்டு நாட்டிலும் பணத்தின் பெயர் ரூபாய்தான். காத்மாண்டு, பொக்காரா கடைகளில் நம்ம இந்தியப் பணத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் "ரூபாய்னா ரூபாய்தானே" என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் 1993 முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்றுதான் மதிப்பு வைத்திருக்கிறார்கள். டாலர் போல இது தினமும் ஏறி இறங்குவதில்லை. ஒரு முறை மனதில் பதித்துக்கொண்டால் போதும்.

அங்கே கடைக்காரர்கள் இந்தியப் பணத்தை 'ஐ.சி.' என்றும், நேபாளப் பணத்தை 'என்.சி.' என்றும் சொல்வார்கள். விலை கேட்டதும் நாம் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி: "ஐ.சி.யா, என்.சி.யா?" மொழி தெரியாவிட்டாலும் இந்த இரண்டு சொல் போதும். பேரம் பேசுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

கணக்கு எப்படிப் போடுவது?

இந்திய 10 ரூபாய் = நேபாள 16
இந்திய 50 ரூபாய் = நேபாள 80
இந்திய 100 ரூபாய் = நேபாள 160
இந்திய 500 ரூபாய் = நேபாள 800
இந்திய 1000 ரூபாய் = நேபாள 1600

நேபாள விலையை நம்ம பணத்துக்கு மாற்ற ஒரு சுலப வழி உண்டு. விலையில் பாதி எடுங்கள். அந்தப் பாதியில் கால் பங்கைக் கூட்டுங்கள். 800-க்குப் பாதி 400. அதில் கால் பங்கு 100. மொத்தம் 500. பழைய வாய்ப்பாடு படித்த பாட்டிமாருக்கு இன்னும் எளிது: ஒரு நேபாள ரூபாய் என்பது நம்ம பணத்தில் அரையே அரைக்கால் ரூபாய்!

மீதிச் சில்லறையில் கவனம்

டீக்கடையில் 40 நேபாள ரூபாய்க்குக் குடித்துவிட்டு இந்திய 100 ரூபாய் நோட்டு நீட்டுகிறோம். நூறில் நாற்பது போக அறுபது என்று நேபாள 60 ரூபாயை வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. நாம் கொடுத்தது 160 நேபாள ரூபாய்க்குச் சமம். மீதி 120 வர வேண்டும். சின்னச் செலவுக்கு நேபாளப் பணத்தையே கொடுத்தால் இந்தக் குழப்பம் வராது.

நோட்டை அடையாளம் காண

நேபாள நோட்டின் முன்பக்கத்தில் எண்கள் நேபாளி எழுத்தில் இருக்கும். திருப்பினால் பின்பக்கம் நமக்குத் தெரிந்த எண் இருக்கும். படத்தையும் வைத்துக்கொள்ளலாம்: 100-ல் காண்டாமிருகம், 500-ல் புலி, 1000-ல் யானை.

போகும் முன்பும் போன இடத்திலும்

• இந்தியப் பணத்தை 100 ரூபாய் நோட்டுகளாக எடுத்துச் செல்வது நல்லது. பெரிய நோட்டுகளுக்கான விதி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2018 டிசம்பரில் நேபாள அரசு 100-க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளைத் தடை செய்தது. அது தெரியாமல் போனவர்கள் திண்டாடினார்கள். எந்த நோட்டு, எவ்வளவு கொண்டுபோகலாம் என்று புறப்படும் வாரத்தில் வங்கியில் கேளுங்கள்.

• கிழிந்தது, கிறுக்கியது வேண்டாம்.

• பணம் மாற்றும் கடையில் "கமிஷன் போக கையில் எவ்வளவு தருவீங்க?" என்று முதலில் கேளுங்கள். ரசீது வாங்குங்கள். அங்கேயே எண்ணிப் பாருங்கள்.

• ஏ.டி.எம். கார்டு அங்கே வேலை செய்யுமா, ஒரு தடவைக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று கிளையில் விசாரியுங்கள். அங்கே 10,000 எடுத்தால் வருவது நேபாளப் பணம். நம்ம கணக்கில் சுமார் 6,250 ரூபாயும் கட்டணமும் குறையும். ரகசிய எண்ணை வழிகாட்டி உட்பட யாரிடமும் சொல்லாதீர்கள்.

• முக்திநாத் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போய்ப் பணத்துக்கு அலைய முடியாது. பொக்காராவிலேயே தேவையானதை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

• எல்லாப் பணத்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள். அன்றைய செலவு கைப்பையில், மற்றது உள்ளே சுருக்குப்பையில்.

• மிச்சமான நேபாளப் பணம் நம்ம ஊர்க் கடையில் செல்லாது. எல்லையைத் தாண்டுவதற்குள் மாற்றிவிடுங்கள்.

குழுப் பழக்கம் அங்கேயும் வேண்டும்

குழுவில் பணத்தை எண்ணாமல் வாங்குவோமா? எழுதாமல் கொடுப்போமா? வெளிநாட்டிலும் அதே பழக்கம்தான் நம்மைக் காப்பாற்றும். ஒரு சின்ன நோட்டில் 'இந்தியா', 'நேபாளம்' என்று இரண்டு பத்தி போட்டு தினமும் செலவை எழுதுங்கள். பொதுச் செலவுப் பணத்தை இரண்டு பேர் பொறுப்பில் வையுங்கள். ஏமாந்துவிட்டால் அன்றைக்கே கூட வந்தவர்களிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் மறுநாள் இன்னொருவர் அதே கடையில் இழப்பார்.

இலங்கையிலும் பணத்துக்கு ரூபாய் என்றுதான் பெயர், மதிப்பு வேறு. எந்த நாட்டுக்குப் போனாலும் இதே கேள்விதான்: இது எந்தப் பணம், நம்ம பணத்தில் எவ்வளவு?

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவர் கடைக்காரராகவும் ஒருவர் யாத்திரை போகிறவராகவும் இருந்து, மேலே உள்ள கணக்கை விளையாட்டாகப் போட்டுப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரை முதலில் யாத்திரை போகிறவராக நிற்க வையுங்கள். அவருக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் வந்துவிடும்.