ஒரே பாடம், பல வழிகள்

பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருப்பதை நம் பகுதி மக்கள் அறிவர். அத்தகைய பள்ளியில் கணக்குப் பாடம் எவ்வாறு நடைபெறும் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பயனில்லை. அதற்காகக் கணக்கைக் கற்பிக்காமல் விடவும் இயலாது. ஏழும் எட்டும் பதினைந்து என்பது பார்வையுள்ளவர்க்கும் பார்வையற்றவர்க்கும் ஒன்றே அன்றோ?

இந்தியாவின் பார்வையற்றோர் பள்ளிகள் நெடுங்காலமாகக் கைக்கொண்ட கருவி ஒன்று உண்டு. டெய்லர் சட்டகம் என்பது அதன் பெயர். பலகையில் வரிசை வரிசையாக எட்டு மூலையுடைய துளைகள் இருக்கும். அவற்றில் செருகுவதற்குச் சிறு உலோக அச்சுகள் உண்டு. ஓர் அச்சைத் துளைக்குள் எட்டுத் திசைகளில் திருப்பி வைக்கலாம். அதன் இரு தலைகளும் வெவ்வேறு வடிவின. ஆகவே ஒரே வகை அச்சினால் 16 குறிகள் கிடைக்கின்றன. பத்து இலக்கங்கள் போக, கூட்டல், கழித்தல் முதலிய குறிகளுக்கும் இடமிருக்கிறது. இங்கே வழி மாறியிருக்கிறது, பாடம் மாறவில்லை.

பலதரப்பட்ட மாணவருக்குப் பாடத்திட்டம் வகுப்போர் மனத்தில் இருத்த வேண்டிய முதல் உண்மை இதுவே. மாணவன் எதை அறிய வேண்டும், எவ்வழியில் அறிவான், அறிந்ததை எப்படிக் காட்டுவான் என்னும் மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவதை எளிதில் விட்டுக்கொடுக்கலாகாது. மற்ற இரண்டும் பிள்ளைக்கேற்ப மாறலாம்.

நீர் ஆவியாகி மழையாவதைக் கற்பிப்பதாகக் கொள்வோம். எழுத்துக்கூட்டிப் படிக்க இடர்ப்படும் சிறுமிக்கு நூலை மட்டும் தந்தால், அவள் அறிவியலில் மக்கு என்றே தோன்றும். கொதிக்கும் நீரின் மேல் ஒரு தட்டைப் பிடித்து, அதில் துளிகள் திரள்வதைக் காட்டி, வாய்மொழியாய் வினவினால் அவள் தெளிவாக விடை கூறக்கூடும். ஆனால் பாடமே வாசிப்பு என்றால், நாமே படித்துக் காட்டுவது போதாது. அங்கே ஒலியையும் எழுத்தையும் இணைத்துப் பொறுமையோடு அவளையே படிக்கப் பழக்க வேண்டும்.

வழியை மாற்ற மனமில்லாதபோது பாடத்தையே பறித்துவிடும் தவறு நேர்கிறது. டெல்லியைச் சேர்ந்த பார்வையற்ற மாணவர் கார்த்திக் சாஹ்னி, பத்தாம் வகுப்புக்குப் பின் அறிவியல் பயில விரும்பினார். பலமுறை வேண்டிய பின்னரே அனுமதி கிடைத்தது. 2013-இல் அவர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 96 விழுக்காடு பெற்று, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் சென்றார். பறிக்கப்படவிருந்தது எத்துணைப் பெரிய வாய்ப்பு!

குறைபாடு உள்ளோர்க்கு மட்டும் உரியதன்று இவ்வேறுபாடு. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடிக்கும் பிழைப்புத் தேடி வந்த வடமாநிலத்தாரின் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் வாய் திறவாது அமர்ந்திருக்கலாம். அவர்களுக்கு இல்லாதது மொழி, அறிவு அன்று.

தமிழக அரசு 2022 சூன் திங்களில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிற்று. ஒரே வகுப்பின் சிறாரை அவரவர் எய்திய நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கும் முறை அது. அரும்பு என்பது இன்றைய நிலை. அதுவே பிள்ளையின் பெயராகிவிடக் கூடாது. ஆண்டு முழுதும் ஒரு சிறுவன் அரும்பாகவே இருந்தால், ஏன் என்று கேட்கும் கடமை பெற்றோர்க்கு உண்டு.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளும் உள்ளன. அவை தேவையே. எனினும் பத்தாம் வகுப்பில் சான்றிதழுக்கு அலைவதால், முதல் வகுப்பில் இழந்தது மீளுமா?

ஆகவே பெற்றோரே, மதிப்பெண் தாளில் கையெழுத்திடும் நாளில் ஆசிரியரிடம் மூன்று வினாக்கள் கேளுங்கள்: என் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறான்? வேறு எவ்வழியில் அதைக் கற்பித்துப் பார்த்தீர்கள்? வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்? நாற்பது பிள்ளைகளோடு நாளெல்லாம் உழைக்கும் ஆசிரியரைக் குறைகூற அன்று, அவரோடு தோள் கொடுக்கவே கேளுங்கள்.

நம் பங்கின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் இதைத் தொடங்கலாம். செபத்தை எழுத இயலாத சிறுவன் சொல்லட்டும். சொல்ல இயலாத சிறுமி படங்களை வரிசைப்படுத்திக் காட்டட்டும். எந்தப் பிள்ளையும் கடைசி வரிசையில் மறக்கப்படாதிருக்கட்டும்.