கம்பியில்லாக் கட்டுப்படுத்தியும் இணைப்புத் துண்டிப்பும்

கம்பியின்றி இயங்கும் விளையாட்டுக் கட்டுப்படுத்தி தொடர்பை இழக்குமாயின், கருவி பழுதென முடிவுகட்டிப் புதியதொன்றை வாங்குவோர் பலர். பல வேளைகளிற் கருவி குற்றமற்றது. இணைப்பே ஏற்படாமை வேறு. ஏற்பட்ட இணைப்பு இடையில் அறுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே வீண்செலவு நேர்கின்றது.

முன்னையது பெரும்பாலும் நினைவு பற்றியது. புளூரூத் முறையில் இரு கருவிகள் முதன்முறை இணையும்போது ஓர் இரகசியத் திறவு உண்டாகி இரண்டிலும் பதிகின்றது. 2013இல் வெளிவந்த பிளேஸ்ரேசன் 4இன் கட்டுப்படுத்தியைக் கணினியோடு இணைத்தால், அது தன் பழைய பெட்டியை மறந்துவிடும். யூ.எஸ்.பி. வடத்தாற் பெட்டியுடன் தொடுத்து நடுப்பொத்தானை அழுத்தினால் உறவு மீளும். வடம் தரவையும் கடத்துவதாயிருத்தல் வேண்டும். மின்னேற்றத்துக்கு மட்டும் உதவும் வடங்கள் ஏமாற்றிவிடும். அதுவும் பயன்தராவிடின், பெட்டியை முற்றாக நிறுத்திக் கட்டுப்படுத்தியின் பின்புறச் சிறுதுளையிலுள்ள மீளமைப்புப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்துக.

பின்னையதே ஆராய்ச்சிக்குரியது. புளூரூத் 2400 முதல் 2483.5 மெகாஹேட்ஸ் வரையான மீடிறன்களில் இயங்குகின்றது. வை-பையும் நுண்ணலை அடுப்பும் அதே வெளியிற் குடியிருக்கின்றன. 2002இல் நின்ரென்டோ வெளியிட்ட வேவ்பேர்ட் கட்டுப்படுத்தியில், 16 அலைவழிகளுள் ஒன்றைப் பயனரே சில்லைத் திருப்பித் தெரிந்தெடுத்தார். மரபுவழிப் புளூரூத்தோ 79 அலைவழிகளிடையே விநாடிக்கு 1600 முறை தாவுகின்றது. (மீடிறன் தாவலுக்கு 1942இல் காப்புரிமை பெற்ற இருவருள் ஒருவர் திரைப்பட நடிகை ஹெடி லமார் என்பது பலரும் அறியாதது.) இரைச்சல் மிக்க வழிகளைத் தானே தவிர்க்கும் ஆற்றலும் 2003இன் 1.2ஆம் பதிப்பிலிருந்து அதற்குண்டு.

ஆயினும் இரைச்சல் அப்பட்டை முழுவதிலும் பரவினால் தாவுதற்கு இடமேது? யூ.எஸ்.பி. 3.0 துளைகளும் வடங்களும் அத்தகைய இரைச்சலை எழுப்புவதை இன்ரெல் நிறுவனம் 2012இல் விளக்கியது. வன்தட்டொன்றின் அருகே கணினியிற் செருகிய சிறு வாங்கி இதனாலேயே திணறுகின்றது. நீட்டிப்பு வடமொன்றால் வாங்கியை அப்பாற் கொண்டுசென்று, விளையாடுபவரின் கண்ணுக்குப் படும்படி வைத்தல் எளிய மருந்து. மனித உடலிலுள்ள நீரும் இவ்வலைகளை உறிஞ்சுமாதலால், குறுக்கே அமர்ந்திருப்பவரும் தடையாகலாம். வை-பையை 5 கிகாஹேட்ஸ் பட்டைக்கு மாற்றுதலும் நன்று.

வாங்கிக்கு ஓரடி தொலைவிற் பிடித்து இயக்கிப் பார்க்கலாம். அங்கே சீராக இயங்கின் குறை வழியிலுள்ளது. அங்கும் அறுந்தால் மின்கலத்தை ஏற்றியோ மாற்றியோ பார்த்த பின்னரே கருவியை ஐயுறுதல் தகும்.