நுங்கம்பாக்கம் கண்ட நொடிப்பொழுது நக்ஷத்திரம்

மழைக்காலம் வந்துவிட்டால், நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை என்று கேட்டுக்கொள்வதோடு, கல்லூரிச் சாலையிலுள்ள வானிலை மையத்தைப் பற்றிய சென்னைவாசிகளின் சிந்தனை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆயினும், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வானாராய்ச்சி நிலையம் 1792 முதல் ஒரு நூற்றாண்டுக் காலம் அந்த வளாகத்தில்தான் நடந்து வந்தது என்பதற்கு, தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்துப் பொறித்த கருங்கல் தூண் ஒன்று அங்கே இன்றும் சாட்சியாக நிற்கிறது.

அந்நிலையத்தின் பொறுப்பை 1861இல் ஏற்ற நார்மன் போக்சன், 1863ஆம் வருஷம் மே மாதம் 20ஆம் தேதி, விருச்சிக மண்டலத்தில் புதிய நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டார். அதுவோ சில தினங்களுக்குள் மங்கி மறைந்துபோயிற்று. யு ஸ்கார்பீ என்று இன்று வழங்கும் அந்த நக்ஷத்திரம் மங்கும் வேகத்தை அளக்கும் கோலும் போக்சன் 1856இல் வகுத்துத் தந்ததே: ஐந்து படி இறங்கினால் பிரகாசம் நூற்றில் ஒரு பங்காகும். இந்த நக்ஷத்திரம் மூன்று தினங்களுக்குள் மூன்று படி இறங்கிவிடுகிறது. அதாவது பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. உச்சத்திற்கும் சாதாரண நிலைக்கும் இடையே ஏறக்குறைய பத்துப் படி, பதினாயிரம் மடங்கு வித்தியாசம்.

இவ்வளவு விரைவில் அணையும் ஒளியைக் கண்டுகொள்வதற்குக் கூர்மையான கண் மாத்திரம் போதாது; அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, என்ன இல்லை என்பதை நிச்சயமாக அறிந்திருக்க வேண்டும். இரவுதோறும் நக்ஷத்திரங்களின் ஸ்தானத்தையும் பிரகாசத்தையும் சலிப்பின்றிக் குறித்து வைத்த உழைப்பே சென்னை நிலையத்தின் செல்வம். போக்சனின் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார், ஆர் ரெட்டிகுலி என்னும் நக்ஷத்திரத்தின் ஒளி மாறுபடுவதை 1867இல் கண்டறிந்ததும் அந்த உழைப்பின் பயனே.

யு ஸ்கார்பீயின் பிற்காலச் சரித்திரமும் இதையே வற்புறுத்துகிறது. 1906லும் 1936லும் அது மீண்டும் வெடித்து ஒளிர்ந்தபோது ஒருவரும் கவனிக்கவில்லை. ஹார்வர்டில் பத்திரப்படுத்தியிருந்த புகைப்படத் தகடுகளைப் பின்னர் ஹெலன் தாமஸ் என்ற அம்மையார் ஆராய்ந்தபோதுதான் அவை வெளிப்பட்டன.

வெடித்து உடனே மங்கும் இந்த அவசரத்திற்குக் காரணம் என்ன? அடர்த்தி மிக்க வெண்குறு நக்ஷத்திரம் ஒன்று, தன் துணையிடமிருந்து ஹைட்ரஜன் வாயுவை ஈர்த்துத் தன் மேல் படியவிட்டுக்கொள்கிறது. அந்தப் படிவு போதிய அழுத்தமும் உஷ்ணமும் பெற்றதும் வெடித்துச் சிதறுகிறது. வெண்குறு நக்ஷத்திரத்தின் நிறை எவ்வளவு மிகுதியோ அவ்வளவு சொற்பமான படிவே வெடிப்பதற்குப் போதுமாதலால், வெடிப்பு அடிக்கடி நேர்கிறது. ஒளியும் விரைவில் அடங்குகிறது. யு ஸ்கார்பீயின் நிறை, அத்தகைய நக்ஷத்திரங்களுக்குரிய எல்லையாகிய ஏறத்தாழ 1.4 சூரிய நிறையை நெருங்கியிருப்பதாகக் கணித்திருக்கிறார்கள். அந்த எல்லையை 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போது கணக்கிடத் தொடங்கியவர், மயிலாப்பூரில் வளர்ந்த சுப்ரமணியன் சந்திரசேகர்! நுங்கம்பாக்கத்தில் கண்ட ஒளிக்கு மயிலாப்பூர் இளைஞரின் கணிதம் விளக்கம் தந்தது, இந்நகரம் என்றும் பெருமை கொள்ளத்தக்க விஷயம்.

போக்சன் அன்று செய்ததை இன்று யந்திரங்கள் செய்கின்றன. லடாக்கின் ஹான்லேயில் 2018 முதல் இயங்கும் 70 சென்டிமீட்டர் தொலைநோக்கி, காமா கதிர் வெடிப்புகளுக்குப் பின் சில மணி நேரத்திலேயே தேயும் ஒளியை ஆளின் துணையின்றித் தொடர்கிறது. சிலி தேசத்து வேரா ரூபின் நிலையமோ, புதுப் படத்திலிருந்து பழைய படத்தைக் கழித்து, எஞ்சும் ஒளியைச் சில நிமிஷங்களில் உலகுக்கு அறிவிக்கும் பொருட்டு அமைக்கப்பட்டது. கழிப்பதற்குப் பழைய படம் இல்லையேல் அந்த மகத்தான காமிராவும் பயனற்றதே.

யு ஸ்கார்பீ கடைசியாக 2022 ஜூன் மாதம் வெடித்தது. ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை அது திரும்புகிறது. அதைத் தொலைநோக்கியில் முதலில் கண்ட ஊர் சென்னை என்பதையும், குறித்து வைக்கும் பழக்கமே அந்தப் பெருமையை நமக்கு ஈட்டித் தந்தது என்பதையும் நம் மாணவர்களுக்கு இப்போதே சொல்லிவைப்போம்; அடுத்த வெடிப்பை முதலில் குறிப்பவர் அவர்களுள் ஒருவராக இருக்கக் கூடாதா?