எட்டாவது சர்வர்

ஏழு சர்வர்கள் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தன. கோளாறு எட்டாவதில். அது தெரியாமல், சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள் அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள். நிலைமை இன்னும் மோசமானது.

நடந்தது 2012 ஆகஸ்ட் 1, புதன்கிழமை. இடம் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி. நைட் கேப்பிடல் என்ற பங்குத் தரகு நிறுவனம் அன்று காலை 9.30 மணிக்குச் சந்தை திறந்ததும் வாடிக்கையாளர்களின் ஆர்டர்களைக் கையாளத் தொடங்கியது. கோளாறான நிரலிடம் சிக்கியவை வெறும் 212 சிறிய ஆர்டர்கள். முக்கால் மணி நேரத்துக்குள் அவை 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்களாகப் பெருகிவிட்டன. கைமாறிய பங்குகள் 39.7 கோடி. நைட் கேப்பிடல் கேட்காமலேயே ஏறத்தாழ 350 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் அதன் தலையில் வந்து விழுந்தன. கையில் இல்லாத 315 கோடி டாலர் பங்குகளை விற்றும் வைத்திருந்தது. இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர அது இழந்தது 46 கோடி டாலருக்கு மேல். வெளியாரிடமிருந்து 40 கோடி டாலர் முதலீடு பெற்று மூச்சுவிட்ட நிறுவனம், மறு ஆண்டே கெட்கோ என்ற இன்னொரு நிறுவனத்தோடு இணைந்துபோனது.

ஹேக்கர்கள் யாரும் புகவில்லை. புதிதாக எழுதிய நிரலிலும் பிழை இல்லை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட ஆணை, என்ன நடந்தது என்பதை அடுக்கடுக்காகச் சொல்கிறது. மென்பொருள் வேலையில் இருக்கும் எவரும் ஒரு முறையாவது படித்துப் பார்க்க வேண்டிய ஆவணம் அது.

ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்பும் நைட்டின் மென்பொருளில் 'பவர் பெக்' என்று ஒரு பழைய வசதி இருந்தது. 2003-லேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள்; நிரலை மட்டும் நீக்கவில்லை. ஒரு பெரிய ஆர்டரைச் சிறு சிறு ஆர்டர்களாகப் பிரித்து அனுப்புவது அதன் வேலை. எத்தனை பங்குகள் வாங்கியாயிற்று என்று எண்ணிக்கொண்டே வரும் ஒரு பகுதி, கேட்ட அளவு நிறைந்ததும் 'போதும், நிறுத்து' என்று சொல்லும். 2005-ல் அந்த எண்ணும் பகுதியை நிரலின் வேறோர் இடத்துக்கு மாற்றினார்கள். மாற்றிய பிறகு பவர் பெக்கைச் சோதித்துப் பார்க்கவில்லை. யாரும் பயன்படுத்தாத வசதியை யார் சோதிப்பார்கள்? அந்த நாள்முதல் பவர் பெக்குக்கு நிறுத்தத் தெரியாது.

2012-ல் நியூயார்க் பங்குச் சந்தை சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தது. அதற்கென நைட் புதிய நிரல் எழுதியது. ஆர்டரோடு சேர்ந்து வரும் ஓர் அடையாளக் குறிதான் அந்த நிரலை இயக்கும். புதிதாக ஒரு குறி வைக்காமல், பவர் பெக்கை இயக்கிய பழைய குறியையே எடுத்துக்கொண்டார்கள். புதிய நிரல் உள்ள சர்வரில் அந்தக் குறி புதிய வேலையைத் தொடங்கும். பழைய நிரல் உள்ள சர்வரில் பவர் பெக்கை எழுப்பிவிடும். ஓர் அடுக்ககத்தில் தானாக நிற்கும் வசதி பழுதான பழைய தண்ணீர் மோட்டாரின் சுவிட்சைப் புது விளக்குக்கு மாற்றிக் கொடுத்து, எட்டு வீடுகளில் ஒன்றில் மட்டும் வயரை மாற்ற மறந்ததுபோல.

ஜூலை 27 முதல் சில நாட்களாக, சில சர்வர்களில் முதலில் என்று படிப்படியாகப் புதிய நிரலை ஏற்றினார்கள். அதைச் செய்த தொழில்நுட்பப் பணியாளர் எட்டில் ஒன்றை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி இல்லை. அந்த மென்பொருளை எப்படி மாற்றுவது, எப்படி ஏற்றுவது என்று எழுதி வைத்த நடைமுறையும் இல்லை. அதே நிறுவனத்தின் வேறு பிரிவுகளில் இருந்தது. ஆகஸ்ட் 1 காலை 8.01 மணியிலிருந்து, சந்தை திறப்பதற்குள், 'பவர் பெக்' பெயரைக் குறிப்பிட்டே 97 மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயின. அவை எச்சரிக்கைகளாகக் கருதப்படவில்லை. வழக்கமாக யாரும் திறந்து பார்ப்பதுமில்லை.

அந்தப் பணியாளரைக் குற்றவாளியாக்கிக் கதையை முடிப்பது அநியாயம் என்று நினைக்கிறேன். ஒரே வேலையை எட்டு இடங்களில் கையால் செய்யச் சொன்னால், என்றாவது ஒரு நாள் ஓர் இடம் விட்டுப்போகும். விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க வழி வைக்காததுதான் பிழை. ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை நீக்கியது பொறியாளர்கள் செய்யக்கூடிய இயல்பான காரியம்: 'நேற்று இல்லாத கோளாறு, இன்றைக்குப் புதிதாக வந்தது இந்த நிரல், எடுத்துவிடு.' ஆனால் குறி அப்படியே வந்துகொண்டிருந்தது. புதிய நிரல் போனதும் அடியில் கிடந்த பவர் பெக் மற்ற ஏழிலும் விழித்துக்கொண்டது. எந்தச் சர்வரில் என்ன ஓடுகிறது என்ற ஒரே ஒரு தகவல் அந்த நிமிடத்தில் கையில் இருந்திருந்தால் அந்த முடிவை எடுத்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தகவலை எப்போதும் கையில் வைத்திருக்கும் கலைக்குத்தான் கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் என்று பெயர். எந்த நிரலின் எந்த வெர்ஷன், எந்த செட்டிங்குகளோடு, எந்த இயந்திரத்தில், யாருடைய ஒப்புதலோடு போனது. கோளாறானால் எந்த வெர்ஷனுக்குத் திரும்ப வேண்டும். இது 2012-ல் புதிய அறிவே இல்லை. நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் எஸ்.சி.சி.எஸ். என்ற கருவியை மார்க் ரோச்கைண்ட் பெல் ஆய்வுக்கூடத்தில் 1972-லேயே உருவாக்கிவிட்டார்.

அதே வேலைக்கு இன்று உலகமெங்கும் பயன்படும் 'கிட்' கருவி, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது. அதன் உயிர்நாடி ஒரு கணக்கு. எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் அதிலிருந்து 40 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகையை அது கணக்கிடும். கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினால் போதும், கைரேகை அடியோடு மாறிவிடும். ஒவ்வொரு மாற்றத்தின் கைரேகையிலும் அதற்கு முந்தையதன் கைரேகையும் கலந்திருப்பதால், பழைய வரலாற்றை யாரும் ஓசையின்றித் திருத்த முடியாது. இதே கணக்கை எட்டு சர்வர்களில் உள்ள கோப்புகள்மீது ஓட்டினால் திரையில் எட்டு வரிகள் வரும். ஏழு ஒன்றுபோல் இருக்கும், ஒன்று வேறாக நிற்கும். சில நொடி வேலை.

நிரலின் வரலாறு பத்திரமாக இருப்பது பாதி வேலைதான். சென்னையிலும் கோவையிலும் இரவு ஷிஃப்டில் வெளிநாட்டு வங்கிகளின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மறுபாதி நன்றாகத் தெரியும். அதிகாலை இரண்டு மணிக்கு அழைப்பு வரும். ஒருவர் உள்ளே நுழைந்து ஒரு செட்டிங்கை மாற்றுவார், சிஸ்டம் ஓடும், டிக்கெட்டை மூடுவார். மாற்றியது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஆறு மாதம் கழித்து அந்தச் சர்வர் மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. இதை 'டிரிஃப்ட்' என்கிறார்கள். 1993-ல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் பர்ஜஸ் என்ற இயற்பியலாளர் இதற்கு சி.எஃப்.எஞ்சின் என்ற கருவியை எழுதினார். சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதிவிட வேண்டும்; கருவி அடிக்கடி ஒப்பிட்டுப் பார்த்து, விலகியதைத் திருப்பிக் கொண்டுவரும். பின்னால் வந்த பப்பெட், ஆன்சிபிள் போன்றவையும், சர்வரைக் கையால் திருத்தாமல் கோப்பில் எழுதி நிர்வகிக்கும் அதே வழியில் வந்தவைதான்.

செட்டிங் கோப்புகளை நிரலைவிடக் குறைவாக மதிக்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. 2024 ஜூலை 19 அன்று இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தது நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அன்று அனுப்பிய ஒரு சிறிய கோப்பு, மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அது நிரல் அல்ல, எந்தத் தாக்குதலைக் கவனிக்க வேண்டும் என்று நிரலுக்குச் சொல்லும் தகவல் கோப்பு. கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. நிரல் கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப் போன கணினி நீலத்திரையில் விழுந்தது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதற்குள் விழுந்த பல கணினிகளின் முன்னால் ஆள் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது.

அந்த நிறுவனத்தின் நிரல் வெர்ஷன்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது. வாடிக்கையாளர்கள் விரும்பினால் ஒன்றிரண்டு வெர்ஷன் பின்தங்கியே இருக்கலாம். தகவல் கோப்புக்கு அந்தத் தடுப்பு இல்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. அந்த நிகழ்வுக்குப் பிறகு தகவல் கோப்புகளையும் முதலில் ஒரு சிறு குழுவுக்கு அனுப்பி, கவனித்து, பிறகே விரிவாக அனுப்புவதாகவும், எப்போது ஏற்பது என்பதை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்க இடம் கொடுப்பதாகவும் கிரவுட்ஸ்டிரைக் அறிவித்தது.