பவர் பட்டனிலிருந்து ‘கொ’ வரை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் சில்லாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலில் வராது. கீபோர்டு வேலை செய்கிறது, திரை பளிச்சென்று தெரிகிறது, ஆனாலும் கணினி ‘காலாவதி’ ஆகிவிட்டது. பழைய இரும்புக் கடைக்கு அனுப்பும் முன் அந்தக் கணினியில் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைச் செருகிப் பாருங்கள். அடுத்த ஓரிரு நிமிடங்களில் நடப்பது, கணினி அறிவியலின் பெரிய கூட்டு உழைப்பை உங்கள் மேசைக்கே கொண்டுவரும்.

லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பழைய கணினிகளுக்கு ஏற்றது. 2 ஜிபி ரேம் இருந்தாலே ஓடும். 4 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும். அதன் ஐஎஸ்ஓ கோப்பைத் தரவிறக்கி, ரூஃபஸ் போன்ற ஒரு கருவியால் பென்டிரைவில் எழுத வேண்டும். சும்மா நகலெடுத்துப் போட்டால் பூட் ஆகாது. பென்டிரைவைச் செருகி, கணினியை ஆன் செய்ததும் எஃப்12 விசையைத் தட்டினால் பூட் மெனு வரும். சில நிறுவனங்களின் கணினிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப். மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

மதர்போர்டில் இருக்கும் யூஈஎஃப்ஐ என்ற அடிப்படை நிரல், பென்டிரைவின் குறிப்பிட்ட ஃபோல்டரில் குறிப்பிட்ட பெயருள்ள கோப்பு இருக்கிறதா என்று தேடுகிறது. இருந்தால் அதை ஓட்டும். அது க்ரப் என்ற பூட்லோடரை எழுப்பும். க்ரப் செய்யும் முக்கியமான வேலை ஒன்றுதான்: இயங்குதளத்தின் மையமான கர்னலை ரேமில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைப்பது. சுருக்கி வைக்கப்பட்டிருக்கும் கர்னல் தன்னைத்தானே விரித்துக்கொண்டு ஓடத் தொடங்கும்.

முழு இயங்குதளமும் பென்டிரைவில் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற முறையில் ஒரே கோப்பாகச் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து படிக்கத்தான் முடியும், அதில் எழுத முடியாது. ஆனால் திரை வந்தபின் நீங்கள் வால்பேப்பரை மாற்றினால் மாறுகிறது. புது மென்பொருள் நிறுவினால் நிறுவிக்கொள்கிறது. இதைச் சாத்தியமாக்குவது ஓவர்லே என்ற ஏற்பாடு. அச்சிட்ட பக்கத்தின்மேல் கண்ணாடித் தாளை விரித்துத் தாளில் எழுதுவது போல, உங்கள் மாற்றங்கள் எல்லாம் ரேமில் தனி அடுக்காக நிற்கும். கணினியை அணைத்தால் அந்த அடுக்கு மறைந்துவிடும். நீங்களாகத் திறந்து எதையும் மாற்றாதவரை ஹார்ட் டிஸ்கில் இருக்கும் விண்டோஸுக்கும் குடும்பப் படங்களுக்கும் ஒன்றும் ஆகாது. நிறுவாமலே முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடலாம்.

இப்போது கர்னலைக் கவனிப்போம். முன்பின் பார்த்திராத கணினியில் எழும் அதற்கு, உள்ளே எந்த நிறுவனத்தின் வைஃபை கார்டு, எந்த ஒலிச் சில்லு, எந்த கிராஃபிக்ஸ் இருக்கிறது என்று முன்கூட்டியே எதுவும் தெரியாது. அதனால் கேட்கிறது. பிசிஐ பாதையில் இணைந்திருக்கும் ஒவ்வொரு சாதனமும், தயாரிப்பாளருக்கு ஓர் எண், பொருளுக்கு ஓர் எண் என இரண்டு எண்களைப் பதிலாகத் தரும். இன்டெல்லின் தயாரிப்பாளர் எண் 8086. அந்நிறுவனம் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயரும் அதுதான். லினக்ஸில் சாதனங்களை இயக்கும் நிரலான ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த எண்களின் பட்டியலோடு வருகிறது. வந்த எண் எந்தப் பட்டியலில் இருக்கிறதோ அந்த டிரைவர் ஏற்றப்படுகிறது. டிரைவர் சிடியைத் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அத்தனை டிரைவர்களும் கர்னலுக்குள் எப்படி வந்து சேர்ந்தன? ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், 386 சில்லுள்ள தன் கணினிக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக 1991 ஆகஸ்ட் 25 அன்று அறிவித்தார். வெறும் பொழுதுபோக்கு என்றுதான் சொன்னார். அடுத்த மாதம் வெளியான லினக்ஸின் முதல் பதிப்பில் சுமார் 10,000 வரிகள் இருந்தன. இன்று கர்னலின் மூலநிரல் சுமார் 4 கோடி வரிகள். அதில் பாதிக்கும் மேல் டிரைவர்கள். ஒருவருடைய வெப்கேம் ஓடவில்லை என்று அவர் எழுதிச் சேர்த்த டிரைவர், அதே வெப்கேம் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஓடுகிறது. இன்டெல், ஐபிஎம், கூகுள் போன்ற பெரிய நிறுவனங்களின் பொறியாளர்களும் அதே களஞ்சியத்தில்தான் எழுதுகிறார்கள்.

இந்தச் சேர்மானத்தைச் சாத்தியமாக்கியது ஓர் உரிமம். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை 1983-இல் அறிவித்தார். 1989-இல் அதற்காக ஜிபிஎல் உரிமத்தை வகுத்தார். லினக்ஸ் 1992-இல் அந்த உரிமத்துக்கு மாறியது. மென்பொருளை எதற்கும் பயன்படுத்தலாம், மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றிய வடிவத்தைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் மூலநிரலையும் இதே உரிமைகளோடு கொடுத்தாக வேண்டும். கொடுத்ததை யாரும் பூட்டி எடுத்துக்கொண்டு போய்விட முடியாது என்ற உறுதி இருந்ததால்தான் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் நம்பி எழுதினார்கள். பழைய கணினிகள் வாழ்வதும் இதனால்தான். லினக்ஸ் பிறந்த 386 சில்லுக்கான ஆதரவு நீக்கப்பட்டதே 2012 டிசம்பரில்தான். ஒரு வன்பொருளைப் பராமரிக்க ஆள் இருக்கும்வரை அது பட்டியலில் இருக்கும். விற்பனைத் திட்டம் அதை முடிவு செய்வதில்லை.

கர்னல் எழுந்ததும் மற்ற சேவைகள் ஒவ்வொன்றாக எழுந்து, திரை வந்துவிட்டது. இனி தமிழில் ஒரே ஓர் எழுத்தைத் தட்டுவோம்: ‘கொ’.

1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் இதற்கு இரண்டே தட்டு: க, ஒ. லினக்ஸில் இந்த விசைப்பலகையின் விதிகள் ஒரு சாதாரண உரைக்கோப்பில் இருக்கின்றன. எந்தத் தட்டுக்கு எந்த எழுத்து என்பதை அதைத் திறந்து வரிவரியாகப் படிக்கலாம். வேண்டுமானால் உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தட்டியதும் கணினி நினைவில் பதிவது இரண்டு எண்கள். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 2944 முதல் 3071 வரை. அதில் ‘க’வின் எண் 2965, ஒகரக் குறியின் எண் 3018. ஆனால் திரையில் தெரிய வேண்டியவை மூன்று துண்டுகள்: இடப்பக்கம் கொம்பு, நடுவில் க, வலப்பக்கம் கால். நினைவில் ‘க’ முதலில் நிற்கிறது. திரையிலோ கொம்பு அதை முந்திக்கொண்டு வர வேண்டும். இதை அறியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். சில வீடியோ தலைப்புகளிலும் சுவரொட்டிகளிலும் இந்தக் கோளாறை இன்றும் பார்க்கிறோம்.

சரியாக அடுக்குவது ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல மென்பொருள். அது 3018 என்ற ஒற்றை எண்ணை 3014, 3006 எனக் கொம்பாகவும் காலாகவும் பிரிக்கிறது. கொம்பை ‘க’வுக்கு முன்னால் நகர்த்துகிறது. பிறகு எழுத்துருவிலிருந்து உரிய வடிவங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை புள்ளி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. க், ஷ என்று வந்தால் ‘க்ஷ’ என ஒட்டவைப்பதும் அதே நிரல்தான். இதன் முதன்மை ஆசிரியர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். பாரசீகம், அரபு, தேவநாகரி, தமிழ் என எல்லா எழுத்துமுறைகளின் விதிகளும் ஒரே இடத்தில் திரண்டிருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆபீஸ், ஆண்ட்ராய்டு ஆகியவை இதையே பயன்படுத்துகின்றன. உங்கள் கைப்பேசி ஆண்ட்ராய்டு என்றால், வாட்ஸ்அப்பில் நீங்கள் படிக்கும் தமிழையும் அடுக்கித் தருவது இதுதான். அந்த ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கர்னல்தான். தமிழுக்குச் சந்தை இருக்கிறதா என்று எந்த நிறுவனத்தின் வாசலிலும் காத்திருக்காமல் தமிழைச் சேர்க்க முடிந்தது திறந்த மூலத்தால்தான். சிறிய மொழிகள் கணினியில் நிலைக்க இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் படிக்கலாம் என்றால் திருடனும் படிப்பானே என்ற கேள்வி நியாயமானது. அதற்கு 2024 மார்ச்சில் ஒரு கடுமையான சோதனை வந்தது. கோப்புகளைச் சுருக்கும் கருவிகளில் ஒன்று எக்ஸ்இசட். லினக்ஸ் எங்கும் பரவியிருக்கும் இதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவந்தவர் சம்பளமில்லாத ஒரு தன்னார்வலர். புனைபெயரில் வந்த யாரோ ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உதவி செய்து நம்பிக்கையைப் பெற்று, அதற்குள் ஒரு கள்ளக்கதவை ஒளித்துவைத்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தன் சோதனைக் கணினியில் தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டினார். ஒவ்வொரு படியும் திறந்திருந்ததால் அந்த அரை விநாடி அவரை நேராக எக்ஸ்இசட்டிடம் கொண்டுபோய் நிறுத்தியது. மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். சோதனைப் பதிப்புகளைத் தாண்டி அது பரவலாகப் போய்ச் சேருவதற்குள் தடுக்கப்பட்டது.

இந்த நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. நிரல் திறந்திருந்தால் உண்மையைக் கடைசிவரை தேடிப் போகலாம். ஆனால் திறந்திருப்பது மட்டும் காவல் ஆகாது; படிக்க ஆள் வேண்டும், பராமரிப்பவருக்குத் துணை வேண்டும்.

லினக்ஸைப் பரப்ப விரும்புவோர் அதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். டாலியில் கணக்கு எழுதும் கடைக்கும், ஆட்டோகேடில் வரையும் அலுவலகத்துக்கும், ஃபோட்டோஷாப்பை நம்பித் தொழில் நடத்தும் ஸ்டுடியோவுக்கும் விண்டோஸைச் சட்டென்று விட முடியாது. சில பிராட்காம் வைஃபை சில்லுகள் தனியாக டிரைவர் கேட்கும். பென்டிரைவிலிருந்து ஓட்டும்போதே வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் சோதித்துவிட்டு, முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்த பிறகுதான் நிறுவ வேண்டும்.

மாற்றத்தை எப்படிச் செய்வது என்பதற்கு பிரான்ஸின் ழாந்தர்மரி காவல்படை நல்ல உதாரணம். அவர்கள் முதலில் இயங்குதளத்தில் கை வைக்கவில்லை. 2005-இல் ஓபன் ஆபீஸ், அடுத்த ஆண்டு ஃபயர்ஃபாக்ஸும் தண்டர்பேர்டும். விண்டோஸிலேயே இவற்றைப் பயன்படுத்திப் பழகிய பிறகு, 2008-இல் உபுண்டுவுக்கு மாறத் தொடங்கினார்கள். அடியில் இருந்த தளம் மாறியபோது தினமும் பார்க்கும் நிரல்கள் மாறவில்லை. பின்னாளில் அங்கே 70,000-க்கும் மேற்பட்ட கணினிகள் லினக்ஸுக்கு வந்துவிட்டன. கேரளம் வேறு வழியில் சென்றது. 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடநூல்களையே கட்டற்ற மென்பொருளைச் சுற்றி எழுதினார்கள். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. மென்பொருளைக் கொடுப்பது முதல் படிதான். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஆள்தான் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருகிறார்.

அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம். இந்த வாரம் விண்டோஸிலேயே லிப்ரே ஆபீஸையும் ஃபயர்ஃபாக்ஸையும் நிறுவிப் பழகுங்கள். அடுத்து ஒரு பென்டிரைவ் தயார் செய்து, மூலையில் கிடக்கும் மடிக்கணினியில் ஓட்டிப் பாருங்கள். தடுக்கினால் கைகொடுக்க சென்னையில் ஐலக்சி, காஞ்சிபுரத்தில் காஞ்சிலக், விழுப்புரத்தில் விஜிலக் எனப் பயனர் குழுக்கள் இருக்கின்றன. தமிழில் படிக்க 2012 முதல் கணியம் என்ற மின்னிதழ் இருக்கிறது. பழகிய பிறகு, மெனுவில் தவறான தமிழ்ச் சொல் கண்ணில் பட்டால் திருத்தி அனுப்புங்கள். பிழை கண்டால் எழுதித் தெரிவியுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் பழசு என்று துணி போர்த்தி வைத்திருக்கும் கணினிகளைப் பற்றித் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அவற்றில் பல இன்னும் நெடுநாள் உழைக்கும்.