கழுவாத சுருளும் காணாத கதிரும்



1950ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுவைக்கு ஆன்றி கார்த்தியே-பிரெசோன் என்னும் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் வந்தார். நெடுங்காலமாகப் படம் எடுக்க இசையாதிருந்த ஸ்ரீ அரவிந்தரை அவர் படம் எடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அரவிந்தர் மறைந்தார். அச்சுருள்கள் கெட்டிருந்தால் மீண்டும் எடுக்க வழியே இருந்திராது. அக்காலத்தில் பயணம் போகும் சுருளுக்குப் பகை வெயிலும் ஈரமுமே. இன்று கண்ணுக்குப் புலப்படாத பகையொன்றும் சேர்ந்துள்ளது. அதை நான் அறிந்துகொண்ட விதத்தைச் சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பாரிஸில் வாழும் என் தமக்கையாரைக் காண விமானத்தில் சென்றேன். எங்கள் அன்னையார் முதுமையால் பயணம் செய்ய இயலாதவர். ஆகவே அவரைக் கடற்கரைச் சாலையிலும் வீட்டுத் திண்ணையிலும் அமர்த்தி, இரண்டு சுருள் படம் எடுத்தேன். பாரிஸிலேயே கழுவிக்கொள்ளலாம் என்றெண்ணி, சரக்கறைக்குச் செல்லும் பெரிய பெட்டியில் துணிகளுக்கிடையே வைத்தேன். கழுவி வந்த படங்களில் சாம்பல் நிறப் பட்டைகள் ஓடின. அன்னையாரின் முகம் பனிக்குப் பின்னே நிற்பதுபோல் தோன்றிற்று.

காரணம் யாது? சுருளின்மேல் வெள்ளி உப்பின் நுண்துகள்கள் ஜெலட்டினில் கலந்து பூசப்பட்டிருக்கின்றன. ஒளி பட்ட துகளில் ஒருசில வெள்ளி அணுக்கள் பிறக்கின்றன. அதுவே மறைந்திருக்கும் படம். இரசாயன நீரில் கழுவும்போதுதான் அது வெளிப்படும். அதுவரையில், தன்மேல் பட்டது கதிரவன் ஒளியா, வேறு கதிரா என்று சுருள் பகுத்தறியாது. 1896இல் பாரிஸில் பெக்கெரல் என்னும் அறிஞர், கறுப்புத் தாளில் சுற்றிய புகைப்படத் தகட்டின்மேல் யுரேனிய உப்பை வைத்து இழுப்பறையில் மூடினார். ஒளி புகாத அவ்விடத்திலும் தகடு கறுத்தது. பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ் கதிரும் இவ்வாறே துணியையும் தோலையும் ஊடுருவிச் சுருளைத் தாக்குகிறது.

ஆதலின், கழுவாத சுருளைச் சரக்கறைப் பெட்டியில் ஒருபோதும் வைக்கலாகாது. அங்கே கதிரின் வலிமை மிகுதி. கையோடு கொண்டுசெல்லும் பையைச் சோதிக்கும் பழைய வகை இயந்திரத்தில் குறைந்த வேகச் சுருள் ஓரிரு முறை தப்பலாம், ஐ.எஸ்.ஓ. 800க்கு மேற்பட்டது எளிதில் கெடும். ஒவ்வொரு சோதனையின் பாதிப்பும் முன்னதோடு சேர்ந்துகொண்டே போகும். பல நாடுகளில் இப்போது கைப்பைகளுக்கும் வந்துள்ள சி.டி. வகை இயந்திரமோ எந்தச் சுருளையும் ஒரே முறையில் கெடுக்க வல்லது. எனவே சுருள்களை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, கண்ணாடிபோல் தெளிந்த பையில் இட்டு, முன்னதாகவே சென்று, கையால் சோதிக்குமாறு அலுவலரைப் பணிவுடன் வேண்டுங்கள். கருவிக்குக் கதிரால் கேடில்லை. அதனுள் சுருளை விட்டுவைக்காதீர்கள். கழுவி முடித்த சுருளுக்கும் அச்சமில்லை. புறப்படுமுன் ஊரிலேயே கழுவிவிடுவது எல்லாவற்றிலும் சிறந்தது.

அதனை நான் செய்திருக்கலாம். இரண்டு நாள் சோம்பலில் தவறவிட்டேன். அடுத்த தைக்குள் அன்னையார் காலமானார். அப்படங்களுள் ஒன்றைத் தமக்கையார் இன்றும் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். அதில் தெளிவாகத் தெரிவது, திண்ணைத் தூணைப் பற்றியிருக்கும் அன்னையாரின் கை மட்டுமே.