உணரியின் எச்சரிக்கையும் காப்பாளர் கடமையும்

நோயாளியின் உடல் வெப்பத்தைக் கண்ட அளவில் மருந்தை அள்ளிக் கொடுப்பவன் நல்ல மருத்துவனாகான். வெப்பத்தின் காரணத்தை ஆராய்ந்து தெளிபவனே மருத்துவனாவான். கணினி வலையமைப்பைக் காப்போர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். வழிப்படுத்தி, ஆளி, சேவையகம் ஆகியவற்றுள் வெப்பநிலை, விசிறியின் வேகம், மின்வழங்கியின் வோல்ற்றளவு என்பவற்றை அளக்கும் உணரிகள் அமைந்துள்ளன. அளவு வரம்பைக் கடக்குங்கால் எச்சரிக்கை எழுகின்றது. அதனை ஏற்று நடக்கும் முறை யாது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

எச்சரிக்கை காப்பாளரை அடையும் வழிகள் இரண்டு. 1988 இல் வகுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறையின்படி, கண்காணிப்பு நிலையம் குறித்த இடைவெளிகளில் கருவியை வினவி விடை பெறலாம். அன்றிக் கருவி தானே 'டிறாப்' என்னும் செய்தியை அனுப்பலாம். டிறாப் செய்தி சேர்ந்ததென்பதற்கு மறுமொழி இல்லை. அது வழியிலே தொலைந்தாலும் அனுப்பிய கருவி அறியாது. மேலும், முற்றாகச் செயலிழந்த கருவி எச்சரிக்கை விடுக்க வல்லதன்று. ஆகவே, "எச்சரிக்கை இல்லை, ஆதலின் குறையும் இல்லை" என்பது போலி அனுமானமாகும். இரு வழிகளையும் ஒருங்கே கையாளுதலே தக்கது.

எச்சரிக்கை கிடைத்ததும் அதன் உண்மையைச் சோதித்தல் முதற்கடமை. ஓர் உணரி மாத்திரம் திடீரென உயர்வு காட்ட, அயலிலுள்ளவை மாறாதிருப்பின், உணரியே பழுதாயிருத்தல் கூடும். உட்புகும் காற்றின் வெப்பமும் உயர்ந்திருப்பின், குறை அறையின் குளிரூட்டலில் உள்ளது. அக்காற்றுக்கு 18 முதல் 27 பாகை செல்சியசு வரை உகந்ததென்பர். காற்றுக் குளிர்ந்திருந்தும் உள்வெப்பம் ஏறுமாயின், விசிறியையும் தூசியையும் நோக்குதல் வேண்டும். இரு மின்வழங்கிகளுள் ஒன்று கெட்டவிடத்துச் சேவை தடைப்படாது. எனினும் காவலாய் நின்ற துணை அற்றுப்போயிற்று. ஆதலின் தாமதித்தல் தகாது.

உணரி எதனை அளக்கின்றது என்பதை அறியாமையால் விளையும் கேட்டுக்கு அணுசக்தித் துறை தக்க சான்று தருகின்றது. 1979 மார்ச் 28 ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள திறீ மைல் ஐலண்ட் நிலையத்தில் ஒரு வால்வு மூடாது நின்றுவிட்டது. விளக்கு அணைந்தமை கண்டு, வால்வு மூடியதெனப் பணியாளர் கருதினர். உண்மையில், மூடுதற்குரிய மின்கட்டளை சென்றமையையே விளக்குக் காட்டியது. வால்வின் நிலையைக் காட்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேலாகக் குளிர்நீர் வெளியேறியது. உலையின் உள்ளகத்தில் ஒரு பகுதி உருகிற்று. தொடக்க நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருங்கே எழுந்தமையால் முதன்மையானது எதுவென்று தெரியவில்லை.

இதனாற் பெறப்படுவன இரண்டு. உணரியின் கூற்றைப் பிற அளவுகளோடு ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். பயனற்ற எச்சரிக்கைகளைக் குறைத்தலும் வேண்டும். 45 பாகையில் எழும் எச்சரிக்கை 40 பாகைக்கு இறங்கிய பின்னரே நீங்குமாறு அமைப்பின், எல்லையருகே அது மீண்டும் மீண்டும் ஒலித்துக் காப்பாளரைச் சலிப்பிக்காது.

இன்று வைத்தியசாலையும் வங்கியும் வலையமைப்பையே நம்பியுள்ளன. ஒலியை அடக்குதல் வேறு. குறையைத் தீர்த்தல் வேறு. காரணத்தைக் களைந்து, கண்டதையும் செய்ததையும் பின்வருவோர்க்காகக் குறித்து வைக்கும்போதே காப்பாளரின் கடமை நிறைவுறும்.